வாயிலைத் திறக்கும் தோழமை

(இந்து வாலிபர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அறிவாலும் அநுபவத்தாலும் முதிர்ந்தோர் அமர்ந்திருக்கும் இச்சபையிலே, படிப்பை இன்னும் முடிக்காத மாணாக்கன் ஒருவன் பேசத் துணிவது சற்று மிகையே. ஆயினும், ‘கல்லூரித் தோழமை’ என்னும் பொருளைத் தந்து பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தமையால், குற்றங்குறைகளைப் பொறுத்தருள்வீர்கள் என்னும் நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன்.

கல்லூரியிலே கூடியவர்கள் கல்லூரியை விட்டதும் திசைக்கொருவராய்ப் பிரிந்துபோவதே உலக வழக்கம். ஆனால், ஆயுள் முழுவதும் பிரியோம் என்று வாக்களித்துக்கொள்ளும் மாணவர் சங்கங்கள் ஐக்கிய அமெரிக்காவிலே பல உண்டு. அவற்றை ஆங்கிலத்திலே ‘பிரட்டேர்ணிற்றி’ என்பர். சகோதரனைக் குறிக்கும் ‘பிராத்தர்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிப் பிறந்தது அப்பெயர். வடமொழியிலுள்ள ‘பிராதா’ என்பதும் அதுவும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். 1776ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வேர்ஜீனியாவிலே, வில்லியம் அன்ட் மேரி கல்லூரியிற் தோன்றிய ‘பை பீற்றா கப்பா’வே கிரேக்க எழுத்துக்களாற் பெயர் பூண்ட முதற் சங்கம். அதன் பின் அவ்வாறான சங்கங்கள் பல எழுந்தன. தமக்கென வீடும், இரகசியச் சடங்கும், அடையாளச் சின்னமும் உடையவை அவை. பட்டம் பெற்று வெளியேறியவர்களும் அவற்றின் அங்கத்தினராகவே இருப்பர்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அவ்வீடுகளின் வாயில்கள் எல்லாருக்கும் திறந்திருந்தனவா? இல்லை. கறுப்பின மாணவருக்கு அவை நெடுங்காலம் அடைத்தே கிடந்தன. அந்த வாயிலுக்கு வெளியே நின்றவர்களின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நியூயோர்க் மாநிலத்தில், இதாக்கா என்னும் ஊரிலே கோர்ணெல் சர்வகலாசாலை இருக்கிறது. 1904-05ஆம் கல்வியாண்டிலே அங்கு படித்த கறுப்பின மாணவர் அறுவர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் நடுவிலே தனித்து நிற்பது எத்துணைக் கொடுமை என்பதை எஞ்சியிருந்தவர்கள் உணர்ந்தார்கள். ஒருவருக்கொருவர் படிப்பிலே உதவுவதற்காகச் சிறு வட்டமாகக் கூடினார்கள். அவர்களிற் சிலர் வெள்ளையரின் சங்க வீடுகளிலே பணியாளராக வேலை செய்து படித்தவர்கள். உள்ளே இருந்தோருக்கு உணவு பரிமாறிக்கொண்டே, சங்கம் நடைபெறும் முறையையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். 1906ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி, அவர்களுள் எழுவர் ‘அல்பா பை அல்பா’ என்னும் சங்கத்தை நிறுவினார்கள். 1908இலே வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் சர்வகலாசாலையில் மாணவியரும் ‘அல்பா கப்பா அல்பா’ என்னும் சங்கத்தைக் கண்டனர். தமிழ்த் தாய்க்குப் பிறந்து அமெரிக்காவின் உப ஜனாதிபதியாயிருந்த கமலா ஹாரிஸ் அம்மையார் அச்சங்கத்து அங்கத்தினரே.

எழுவர் தொடங்கிய சங்கம் கல்லூரி மதிலோடு நின்றுவிடவில்லை. 1911இலே கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரிலே பட்டதாரிகளுக்கென ஒரு கிளை பிறந்தது. அதன் பின் நகரந்தோறும் அத்தகைய கிளைகள் எழுந்தன. வருஷத்துக்கொரு முறை கூடி விருந்துண்டு, பழங்கதை பேசிக் கலைவதோடு அவர்கள் அமையவில்லை. பாடசாலையை இடையில் விட்டுவிடும் பிள்ளைகளை உயர்தரப் பாடசாலைக்கும் கல்லூரிக்கும் அனுப்புவதற்காக ஊரூராகப் பிரசாரம் செய்தார்கள். திரும்பி வராத அந்த அறுவரை அவர்கள் மறக்கவில்லைப் போலும்!

1942ஆம் ஆண்டிலே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஹென்டர்சன் என்னும் கறுப்பின அரசாங்க உத்தியோகத்தர் புகைவண்டியிலே பிரயாணஞ் செய்தார். சாப்பாட்டு வண்டியிலே கறுப்பினத்தவருக்கென ஒதுக்கி, திரை போட்டு மறைக்கும் இரண்டே மேசைகள் இருந்தன. அவர் சென்றபோது அவற்றிலும் வெள்ளையர் அமர்ந்திருந்தார்கள். வெறுமையாய் ஓர் ஆசனம் இருந்தும் அவருக்கு அது கொடுக்கப்படவில்லை. இறுதிவரை உணவும் கிடைக்கவில்லை. வழக்கு எட்டு வருஷம் நடந்தது. அல்பா சங்கம் அதற்குப் பொருளுதவி செய்தது. அதன் தலைவராயிருந்த வழக்கறிஞர் பெல்போர்ட் லோசன் வழக்கை நடத்தினார். 1950ஆம் ஆண்டு ஜூன் மாதம், அத்தகைய பாகுபாடு சட்டவிரோதமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரை விழுந்தது. கல்லூரித் தோழமை ஒரு தேசத்தின் சாப்பாட்டு மேசை வரைக்கும் சென்ற கதை இது.

இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. பிறரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நிறுவிய அச்சங்கம், 1945ஆம் ஆண்டிலே எல்லா இனத்தவருக்கும் தன் வாயிலைத் திறந்துவிட்டது.

மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் 1952ஆம் ஆண்டிலே, பொஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அச்சங்கத்திற் சேர்ந்தவர். 1968இலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டன் நகரிலே அவருக்கு நினைவுச்சின்னம் எழவேண்டும் என்னும் எண்ணம் 1984இலே அச்சங்கத்து அங்கத்தினர் சிலரின் உள்ளத்தில் உதித்தது. 1996இலே அரசின் அநுமதி கிடைத்தது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் திகதி, 30 அடி உயரமுள்ள அவரது கற்சிலை நாட்டுக்கு அர்ப்பணஞ் செய்யப்பட்டது. மறைந்த சகோதரனுக்காக 27 வருஷம் உழைத்தார்கள்!

கிரேக்க நெடுங்கணக்கின் இறுதி எழுத்து ‘ஒமேகா’. உயிரோடிருப்பவர்களின் எந்தக் கிளைக்கும் அவர்கள் அப்பெயரை இடுவதில்லை. இறந்தவர் ஒமேகா கிளைக்குச் சென்றுவிட்டார் என்பார்கள். மரணத்தின் பின்னும் பெயர் இடாப்பிலிருந்து நீங்குவதில்லை.

அன்பர்களே! ஒளியைக் காட்டிய நான் நிழலை மறைத்தல் நேர்மையன்று. சங்கத்திலே புதிதாகச் சேர்வோரைத் துன்புறுத்தும் கொடிய வழக்கத்தால் அமெரிக்காவிலே மாணவர் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். நம் நாட்டிலே அதற்குப் பெயர் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தடைசெய்தும் அது முற்றாய் ஒழியவில்லை.

நான் சர்வகலாசாலையிற் புகுந்த முதல் வாரத்திலே, என்னை நள்ளிரவு வரை நிறுத்திவைத்து நகைத்தவர்கள், “இனி நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்றார்கள். சில நாளிலே நான் காய்ச்சலாய்க் கிடந்தேன். கஞ்சி கொண்டுவந்தவர் அவர்களுள் ஒருவரல்லர். என்னை ஒருமுறையேனும் அதட்டாத ஒரு மூத்த மாணவரே கொண்டுவந்தார். இவ்வளவும் அறிந்திருந்தும், அடுத்த வருஷம் புதியவர்களை நிறுத்தி நகைத்த கூட்டத்திலே நானும் ஓர் ஓரமாய் நின்றேன். தடுக்கவில்லை, வாய் திறக்கவுமில்லை. அந்த மௌனம் இன்றும் என்னைச் சுடுகிறது. நான் பட்டது மறந்தாலும், பார்த்து நின்றது மறக்கவில்லை.

தோழமை என்பதன் பொருளை நான் எங்கே கற்பது? கிறிஸ்தவ மிஷன் பாடசாலையிலே படித்தவன் நான். ஆயினும், என் பாட்டி எனக்குச் சொன்னது பெரியபுராணக் கதை. தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானைமேற் கயிலைக்குச் சென்றார். அவருடைய நண்பராகிய சேரமான் பெருமாள் நாயனார், குதிரையின் செவியிலே திருவைந்தெழுத்தை ஓதி உடன் சென்றார். கயிலை வாயிலிலே சேரமான் தடுக்கப்பட்டார். உள்ளே சென்ற சுந்தரர், தமக்கு இடங் கிடைத்தது போதுமென்று அமர்ந்தாரா? வாயிலிலே நண்பர் நிற்கிறார் என்று இறைவனிடம் விண்ணப்பித்தார். சேரமானும் உள்ளே அழைக்கப்பட்டார். உள்ளே சென்றவன் வெளியே நிற்பவனை நினைப்பதே தோழமை. கோர்ணெலில் அந்த எழுவர் செய்ததும், எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் செய்ததும் அதுவே.

ஆகவே, இச்சபையின் முன் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன். பெரியோர்களே! நம் ஊரிலே படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைச் சங்கம் கணக்கெடுக்கட்டும். உத்தியோகம் பெற்ற அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையையாவது கைப்பிடித்து நடத்தட்டும். வாலிபர்களே! சர்வகலாசாலைக்குச் செல்லும் நாம், நமக்குப்பின் வருவோரைத் துன்புறுத்துவதில்லை. துன்புறுத்துவோரைக் கண்டு வாளாவிருப்பதுமில்லை என்று இவ்விழாவிலே உறுதிகொள்வோம். அவ்வுறுதியை முதலில் எடுக்கவேண்டியவன் நானே. எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நமக்குத் துணைநிற்குமாக.