அழைத்தது யார்?



அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் குறுகிய கால மிஷன் பயணமாக வெளிநாடு போனதாக, 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை வைத்துச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் வுத்னோ கணக்கிட்டார். இப்படிப் போகிறவர்களில் பலர் பள்ளி, கல்லூரி விடுமுறையில் புறப்படும் வாலிபர்கள். ஒரு வாரம், இரண்டு வாரம். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஒரு வீடு கட்டுவது, ஒரு பிள்ளைகள் இல்லத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, பிறகு ஊர் திரும்பிச் சபையில் சாட்சி சொல்வது. நம் சபைகளிலும் இந்த ஆசை வளர்ந்து வருகிறது. அந்தப் பிள்ளைகளின் அன்பில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் போகிற ஊரின் சபை கூப்பிடாமல், அந்த மக்களின் பேச்சு தெரியாமல், கையில் ஒரு தொழிலும் இல்லாமல் போவதை ஊழியம் என்று அழைக்க நான் மறுக்கிறேன். ஏன் மறுக்கிறேன் என்பதைச் சொல்லவே இந்த மேடையில் நிற்கிறேன்.

1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டித் தர வட அமெரிக்கச் சபைகளின் வாலிபர் குழுக்கள் அலை அலையாக வந்தன. அந்த நாட்டிலேயே நெடுங்காலம் குடியிருந்த சமூகவியல் பேராசிரியர் கர்ட் வெர் பீக் பின்னாளில் அந்த வீடுகளை ஆராய்ந்தார். விமானக் கட்டணமும் சேர்த்தால், வெளிநாட்டுக் குழு கட்டிய ஒரு வீட்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டை 2,000 டாலரில் கட்டி முடித்தது. ஒரு வீட்டுக்கான பணத்தில் பதினைந்து குடும்பங்கள் கூரைக்கடியில் படுத்திருக்கலாம்! குடியேறிய குடும்பங்களின் வாழ்விலாவது வேறுபாடு உண்டா என்று பார்த்தார். யார் கட்டிய வீடானாலும் பலன் ஒன்றுதான். கட்டுமான இடத்தை மனக்கண்ணில் பாருங்கள். கரணையைப் பிடிக்கத் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளை கலவையை அள்ளி அப்புகிறான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் வெளியே சாய்கிறது. புயலில் வேலையும் வீடும் போன ஊரில் கொத்தனாருக்கா பஞ்சம்? அவனுக்குப் போக வேண்டிய நாட்கூலி விமானச் சீட்டாகப் போய்விட்டது.

“வீடு ஒரு சாக்குத்தான், போகிற பிள்ளையின் இதயம் மாறுகிறதே, அவன் வாழ்நாளெல்லாம் ஏழைக்குக் கொடுப்பானே” என்று நல்லவர்கள் பலர் சொல்கிறார்கள். இந்த வாதத்துக்குத்தான் அதிக வலு உண்டு, தட்டிக்கழிக்க முடியாது. அதே பேராசிரியர் அதையும் சோதித்தார். போய்வந்தவர்கள் தங்கள் ஜெபமும் காணிக்கையும் கூடிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள், மனதார நம்பித்தான் எழுதினார்கள். அனுப்பிய நிறுவனத்தின் காணிக்கைக் கணக்கைப் புரட்டினால் அந்த அளவுக்கு உயர்வு தென்படவில்லை. கூடியிருந்தாலும்கூட நான் கேட்பேன்: நம் பிள்ளையின் இதயத்தைத் திருத்துவதற்கு ஒரு ஏழைக் குடும்பத்தின் இடிந்த வீட்டைப் பாடசாலையாக்க நமக்கு உரிமை தந்தது யார்?

வீடு கட்டுவதிலாவது நஷ்டம் பணத்தோடு போகிறது. பிள்ளைகள் இல்லங்களில் நடப்பது அதைவிடக் கொடியது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின என்றும், அவற்றில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்றும் யுனிசெஃப் எடுத்துக்காட்டியது. அன்பு செலுத்த வரும் வெளிநாட்டவருக்காகவே ஏழை வீட்டுப் பிள்ளை பெற்றவளிடமிருந்து பிரிக்கப்படுகிறது. இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு அக்கா விமானம் ஏறுகிறாள்; அடுத்த மாதம் வேறொரு அக்கா வருகிறாள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியை நிலநடுக்கம் தகர்த்த சில வாரங்களிலேயே, 33 பிள்ளைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற அமெரிக்க பாப்டிஸ்டுகள் பத்துப்பேர் கைதானார்கள். அனாதைகளை மீட்கிறோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

“புறப்பட்டுப் போங்கள் என்பது ஆண்டவரின் கட்டளை அல்லவா?” என்று கேட்கலாம். ஆம், கட்டளைதான். ஆனால் எப்படிப் போகச் சொன்னார்? லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பணப்பை இல்லை, சாமான் பை இல்லை, பாதரட்சைகூட இல்லை. ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்கி, அவர்கள் வைத்ததைச் சாப்பிட வேண்டும். அனுப்பப்பட்டவன் அந்த வீட்டாரின் கையை எதிர்பார்த்து நிற்கிறான். அந்தச் சீஷர்களும் சீக்கிரம் திரும்பி வந்தவர்கள்தானே என்று நீங்கள் மடக்கலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் போனது தங்கள் சொந்த நாட்டு ஊர்களுக்கு. வாசலில் நின்று சமாதானம் சொன்னால் உள்ளே இருந்தவருக்குப் புரிந்தது.

இளவயதினர் வெளிநாட்டு ஊழியத்துக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் வேலூருக்கு என்ன பதில் சொல்வேன்? 1890இல் தாயின் உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்த மிஷனெரி மகள் ஐடா ஸ்கடருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை. ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவளை அழைத்தார்கள். டாக்டரான தகப்பனை அனுப்புகிறேன் என்றாள்; ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தப் பெண் அடுத்த நாளே மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பவில்லை. அமெரிக்கா திரும்பினாள், மருத்துவம் படித்தாள், 1899இல் கார்னெலில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பி வந்தாள். வந்த பிறகும் எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று இந்த மண்ணின் பெண்களிடமே அந்த வேலையை ஒப்படைத்தாள். அங்கே அழைப்பு இருந்தது, படிப்பு இருந்தது, ஒப்படைப்பு இருந்தது. இந்த மூன்றும் இல்லாத பயணத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம்மவர் ஒருவரும் இதையே உலகத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமை வி. எஸ். அசரியா எழுந்து, மேல்நாட்டு மிஷனெரிகள் பொருளும் உயிரும் கொடுத்ததற்கு நன்றி கூறி, எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று முடித்தார். சபையில் பலருக்குக் கசந்தது. ஆனால் அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. தமிழரான அவரே நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கலில் தெலுங்கு பேசி ஊழியம் செய்துகொண்டிருந்தார்.

ஆகவே இந்தக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் வேண்டும். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும், முதலில் அங்குள்ள சபையிடமிருந்து, இன்ன வேலைக்கு இன்ன தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்று கடிதம் வரட்டும். வராவிட்டால் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் இல்லத்துக்குக் குழு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். போக விரும்பும் வாலிபர் அந்நாட்டு மொழியை ஓராண்டாவது படித்துவிட்டு, அங்கிருக்கும் போதகருக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்யச் சம்மதிக்கட்டும். பயணக் காணிக்கையில் எத்தனை ரூபாய் விமானத்துக்குப் போனது, எத்தனை ரூபாய் அந்த ஊரில் தங்கியது என்ற கணக்கைக் காணிக்கை போட்ட சபையார் முன் வாசியுங்கள். இதைக் கேட்டு ஆர்வம் குன்றிவிடும் என்று அஞ்சுகிற மூப்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஓராண்டு மொழி படிக்கச் சொன்னதும் பின்வாங்குகிற பிள்ளையை, அவனுக்காகவும் அந்த ஊருக்காகவும், இப்போதைக்கு இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.