பழகிய கையும் விழித்த கண்ணும்



அமெரிக்காவில் வேட்டைக்குச் செல்வோரும் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டோரும் பலர் உண்டு. அவர்களுள் ஒரு சாரார், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடுவதில்லை. வீட்டிலேயே ஒரு மேசையில் வைத்து, மீண்டும் மருந்திட்டுப் புதுத் தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். அங்கே அது சட்டம் இடங்கொடுக்கும் பொழுதுபோக்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமோ, உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே கடுங்குற்றம். ஆகவே, இதைச் செய்து பாருங்கள் என்று கூற நான் வரவில்லை. அந்த மேசையில் அமர்வோர் கைக்கொள்ளும் கவன முறைகளைச் சொல்லவே வந்தேன்.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. மருந்தை அளப்பது கிரெயின் என்னும் நிறையால். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அதாவது, 1 கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். சிலவகைக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் மருந்து கூட்டின் பாதியைக்கூட நிரப்புவதில்லை. ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. தவறி இருமுறை மருந்திட்டாலும் வெளியே வழியாது. சுடும்போது அழுத்தம் மிகுந்து துப்பாக்கியே பிளந்துபோகலாம்.

மருந்திடவே மறந்தால் என்ன ஆகும்? மூடியின் பொறி மட்டும் குண்டைத் தள்ளும். குண்டு குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். சத்தம் குறைந்ததைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மிகுந்த மருந்தும் இல்லாத மருந்தும், குண்டைப் பொருத்தி மூடியபின் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இத்தகைய பிழை அறியாமையால் மட்டும் வருவதில்லை; கவனம் சிதறுவதாலும் வருகிறது. தொலைபேசி மணி அடிக்கிறது, குழந்தை கூப்பிடுகிறது. திரும்பி வந்து உட்கார்ந்ததும், "இந்தக் கூட்டுக்கு மருந்திட்டேனா?" என்ற ஐயம் எழுகிறது. நூறு முறை அதே செயலைச் செய்த கை, "இட்டாயிற்று" என்றே சொல்லும். நினைவின் அந்தச் சாட்சியை நம்பலாகாது.

எனவே, கவனமுள்ளவர்கள் சில விதிகளை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேசைமேல் ஒரே வகை மருந்துதான் இருக்கவேண்டும். மற்றவை அலமாரியில் பூட்டப்பட வேண்டும். மிஞ்சிய மருந்து அதன் சொந்த டப்பாவுக்கே திரும்பவேண்டும். நிறை எவ்வளவு என்பதை ஊகிக்காமல், அச்சிட்ட கையேட்டைப் பார்த்தே அளக்கவேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் அணைந்திருக்கவேண்டும். களைப்பாயிருக்கும்போதும் மது அருந்தியபோதும் அந்த மேசையை அணுகவே கூடாது. அருகில் புகை பிடிக்கக் கூடாது, கண்ணாடி அணியவேண்டும். ஈயம் கையில் படிவதால், வேலை முடிந்ததும் கை கழுவிய பின்னரே உண்ணவேண்டும்.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது ஒரு விதி. மருந்திட்ட கூடுகளைத் துளையிட்ட கட்டையில் வரிசையாக நிறுத்துகிறார்கள். குண்டைப் பொருத்துமுன், கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளும் எட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றில் மருந்து உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அக்கம்பக்கத்துக் கூடுகளே காட்டிக்கொடுத்துவிடும். ஐயம் வந்த கூட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் வீணாவது ஒரு நிமிடமே.

நேயர்களே, துப்பாக்கியைத் தொடாத நமக்கும் இது பொருந்தும். தோட்டத்தில் களைக்கொல்லி கலப்பவர், நோயாளிக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பவர், சமையல் எரிவாயுக் கலத்தை மாற்றுபவர் ஆகிய யாவரும் பழகிய வேலையைத்தான் செய்கிறார்கள். இடையில் யாரேனும் அழைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஐயம் தோன்றினால் நினைவைக் கேளாதீர்கள். கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.