கண் திறந்து அமர்தல்

(திருவெள்ளறையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மைண்ட்ஃபுல்னஸ்' பற்றிப் பேசச் சொன்னீர்கள். இன்று கைப்பேசிச் செயலியில் சந்தா கட்டினால் கிடைக்கும் இந்தச் சரக்கு, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியிலிருந்து பரவியது. வேர் பௌத்தத்தில் இருக்கிறது. எண்வழிப் பாதையில் ஏழாவதான நற்கடைப்பிடிதான் அது: உடல், உணர்ச்சி, மனம், தம்மம் நான்கையும் உள்ளபடி கவனிப்பது.

ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். விடுதியில் என் சாதியைத் தெரிந்துகொண்டு ஒருவர் அறையை மாற்றிக்கொண்ட நேரம். அதைச் சொன்னேன். "கண்ணை மூடுங்க, நடந்ததை விட்டுடுங்க" என்றார் பயிற்றுநர். விட வேண்டியது நானாம்! வகுப்பைத்தான் விட்டேன்.

பிறகு என்னை உட்கார வைத்தது ஒரு கல். சேலம் பெரியேரியில் 'தலைவெட்டி முனியப்பன்' என்று வழிபடப்பட்ட சிலை. தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்று, அது புத்தர்தான் என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அங்கே பூசை கூடாது என்றும் உத்தரவிட்டது. தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், சுருள்முடி, நீண்ட காதுமடல், மடியில் தியான முத்திரை. முனியப்பனுக்கு ஏது தியான முத்திரை? துண்டிக்கப்பட்ட தலையைப் பின்னாளில் சிமென்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அதன் படத்தை அச்செடுத்துப் படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். காலையில் பத்து நிமிடம், கண்ணைத் திறந்தபடி. முதலில் கைகளைப் பார்ப்பேன். என் கை இறுகியிருப்பது அப்போதுதான் தெரியும். பிறகு தோள். பிறகு கழுத்து. அந்த ஒட்டுக்கு வந்ததும் மூச்சு தடைபடும். தடைபடுகிறது என்று கவனிப்பேன். கோபம் வந்தால் கோபம். அதைத் துரத்துவதில்லை, அதன் பின்னால் ஓடுவதும் இல்லை. முன்பெல்லாம் துறையில் யாராவது குத்தலாகப் பேசினால் இரவு முழுக்க மனத்துக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருப்பேன். இப்போது அன்றைக்கே தேதி போட்டுப் புகார் எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

இந்த ஊர்க் கிணற்றையும் இப்படிப் பார்க்கலாம். தந்திவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், கம்பன் அரையன் வெட்டிய ஸ்வஸ்திக வடிவக் கிணறு. பௌத்தக் கிணறு என்று நான் சொல்லவில்லை. சான்றில்லாமல் உரிமை கொண்டாடும் பழக்கம் நம் தோழர்கள் சிலருக்கும் உண்டு, வேண்டாம். ஆனால் அதன் கல்வெட்டில் ஒரு பாட்டு இருக்கிறது. வாழ்வு நில்லாதது, மூப்பு வருமுன் அறம் செய் என்கிறது. நான்கு பக்கமும் படிகள். ஒரு துறையில் குளிப்பவரை மறு துறையில் குளிப்பவர் பார்க்க முடியாது. அந்த அழகைப் பார்த்து, நிலையாமைப் பாட்டையும் படித்த பிறகு, நம் பாட்டிமார் இதில் எந்தத் துறையில் இறங்க முடிந்தது என்ற கேள்வியோடு ஒரு பத்து நிமிடம் அங்கேயே உட்காருங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள்.

ஆத்தூர் பக்கம் தியாகனூரில் அமர்ந்த நிலையில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் உண்டு. இதே துறையூர் சாலையில் போய்த் தம்மம்பட்டி வழியாக ஆத்தூர் சேரலாம். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு கிளம்புகிறோம். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.