பரணில் அடுக்க முடியாத பாதுகாப்பு

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொள்ளை நோய் வந்தால் வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டால் நம் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, சோப்பு, முகக்கவசம், காய்ச்சல் மாத்திரை. நல்ல பட்டியல்தான். ஆனால் அது யாருடைய வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு அடைக்கப்பட்டது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். மாதச் சம்பளக்காரர் கடைக்கு ஓடினார். அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரை கிலோ அரிசி வாங்குகிறவர் எதை எடுத்துக்கொண்டு ஓடுவார்?

அடுத்த மாதமும் இதே கதை. சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று தமிழ்நாடு அரசு 24ஆம் தேதி அறிவித்தது. 25ஆம் தேதி சென்னைக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைச் சேர்த்தது. உடனே "ஜனங்களுக்கு அறிவே இல்லை" என்றார்கள். நாளை கடை திறக்குமா என்று தெரியாதவர் இன்றே வாங்கத்தான் செய்வார். அதை அறிவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு உறுதி சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஆனால் பதுக்கலின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு கிளம்பியதும் வசதியுள்ளவர்கள் அட்டை அட்டையாக வாங்கினார்கள். முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் அதே மாத்திரையை அன்றாடம் சாப்பிட்டு வந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

"வீட்டிலேயே இருங்கள்" என்றார்கள். ஒற்றை அறையில் ஆறு பேர், பத்து வீட்டுக்கு ஒரு கழிப்பறை, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை. இங்கே எந்த அறையில் தனிமைப்படுவது? நகருக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் மக்களைக் கொண்டுபோய் அடுக்கியவர்கள்தான் பிறகு இடைவெளி விடச் சொன்னார்கள்.

என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு அவர் குப்பை எடுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் தட்டைத் தட்டினார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில், "லிப்டுல ஏறாதம்மா, தண்ணி வேணும்னா உன் பாட்டில்ல கொண்டுவா" என்றார்கள். காய்ச்சல் வந்த வீட்டுக் குப்பையும் முகக்கவசமும் பிரிக்காமல் அதே பையில்தான் வந்தன. அதை அவர் கையால் எடுத்தார். தொற்றைப் பார்த்து வந்த பயமாக இருந்தால் அவர் கைக்கு உறை கொடுத்திருக்க வேண்டாமா? தனிக் குவளை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, கொரோனா அதற்கு ஒரு புதுக் காரணம் கொடுத்தது. அதனால்தான் "சமூக விலகல்" என்ற சொல் எங்களுக்குக் கசந்தது. உடல் இடைவெளி என்று சொல்லியிருந்தாலே போதும்.

அந்தப் பயம் மருத்துவரையும் விடவில்லை. ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. கடைசியில் சக மருத்துவர் ஒருவரும் மருத்துவமனை ஊழியர்கள் இருவரும்தான் மண் தள்ளி அடக்கம் செய்தார்கள்.

நமக்கு வேறொரு மரபு இருக்கிறது தோழர்களே. 1897இல் புனே பகுதியைப் பிளேக் தாக்கியபோது, சாவித்திரிபாய் பூலே மருத்துவரான தன் வளர்ப்பு மகன் யஷ்வந்தோடு ஊருக்கு வெளியே சிகிச்சை இடம் அமைத்தார். நோயுற்ற தலித் சிறுவனைத் தூக்கி வந்தார். தொற்று அவரையும் பற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். ஈரோட்டில் பிளேக் வந்து ஊரே காலியானபோது, பெரியார் ஓடாமல் இருந்து பிணங்களைச் சுமந்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதற்காக எல்லோரும் நோயாளியைக் கட்டிப்பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நமக்கு இன்று முகக்கவசம், தடுப்பூசி, மருத்துவ அறிவு எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு அந்த மனமும் வேண்டும்.

ஆகவே வீட்டுக்கு ஒரு பட்டியல் போடுவதுபோல் தெருவுக்கும் ஒன்று போடுவோம். தனியாக வாழும் முதியவர் யார்? டயாலிசிஸ் போகிறவர், காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர், நிறைமாதப் பெண் யார்? யாரிடம் வண்டி இருக்கிறது? ரேஷன் அட்டை இல்லாத வீடு எது? நோயாளி வீட்டுக் குப்பையைத் தனியாகக் கட்டி, சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மற்றவை கேட்டுப் பெற வேண்டியவை. தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, பணி நிரந்தரம், சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஊரடங்குக்கு முன்பே நிவாரணம். குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய். நோய் வந்த பிறகு இவற்றைக் கேட்டால் "இப்போது அரசியல் பேசாதே" என்பார்கள். எனவே நோய் இல்லாத இன்றைக்கே கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் தெருவின் பட்டியலோடு வாருங்கள். சேரித் தெருவையும் சேர்த்த பட்டியலாக அது இருக்கட்டும்.

ஜெய்பீம்.