புல்வயலின் உரமும் மூட்டை உரத்தின் விலையும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

உலர்ந்த புல் ஒரு வண்டி ஊரை விட்டுப் போகும்பொழுது நிலத்தின் சாரமும் அதனுடன் போகின்றது. 1,000 கிலோ புல்லில் புரதம் நூற்றுக்குப் பத்து இருக்குமாயின், அதில் அடங்கிய தழைச்சத்து மாத்திரம் 16 கிலோ. சாம்பல் சத்தும் பெரும்பாலும் அதற்குக் குறையாது. நெல் விற்கும் குடியானவர் மணியை விற்கிறார். வைக்கோல் வீட்டிலே தங்குகிறது. புல் விற்பவரோ தண்டையும் இலையையும் ஒருங்கே விற்றுவிடுகிறார்.

பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா அயல்நாடுகளையே நம்பியிருப்பது. 2021, 2022 வருஷங்களில் உலகச் சந்தையில் விலை ஏறவே, இங்கும் மூட்டை விலை ஏறிற்று. யூரியாவோ அரசாங்க மானியத்தால் மலிவாக நின்றது. மலிவானதை மட்டும் தூவிப் புல்லைப் பச்சையாக்கும் ஆசை எவருக்கும் எழக்கூடியதே. சில அறுப்புக்கு அது பலிக்கும்; பிறகு சாம்பல் சத்துக் குறைந்த நிலம் எத்தனை யூரியா இட்டாலும் இணங்காது.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1856-இல் ஒரு புல்வயலைத் துண்டுகளாக்கித் தொடங்கிய பரிசோதனை இன்றும் நடைபெறுகின்றது. அமோனியம் சல்பேட்டை ஆண்டுதோறும் இட்டுச் சுண்ணாம்பு இடாத துண்டுகளில் மண் புளித்தது. பயற்றினச் செடிகள் அற்றுச் சில புல் வகைகளே மிஞ்சின. தழைச்சத்து இடாமல் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இட்ட துண்டுகளில் பயற்றினச் செடிகள் செழித்து, தழைச்சத்தைக் காற்றிலிருந்து தாமே ஈட்டின. அந்நாட்டுக் குளிரும் மழையும் வேறு. நிலத்தின் கணக்கு வேறன்று.

காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைக் காண்க. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லை மேயும் மாடு சாணத்தையும் மூத்திரத்தையும் அங்கேயே விடுகிறது. அறுத்தெடுக்கும் வயலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மனிதரே சுமந்து கொண்டு சேர்க்க வேண்டும்.

இதில் பெரிதும் கைநழுவிப் போவது மூத்திரம். மாடு தின்ற சாம்பல் சத்தில் பெரும்பங்கு கழிவது சாணத்தில் அன்று, மூத்திரத்தில்தான். சாணத்தைக் கூடையில் வாரிவிட்டு மூத்திரத்தைத் தெருவில் ஓடவிடும் வீட்டார், பின்னர் அதே சத்தைக் கடையில் பணம் கொடுத்து வாங்குகின்றனர். கட்டுத்தறியில் உலர்ந்த மண்ணையும் தின்று கழித்த தட்டையையும் பரப்பி, நனைந்ததும் வாரிக் குழியிலிட்டு மண்ணால் மூடுவதே போதும். செலவு உழைப்பு ஒன்றே. வறட்டி எரிப்பவர் தழைச்சத்தை இழந்துவிடுகிறார். ஆயினும் சாம்பலில் எஞ்சியதைக் குப்பையில் கொட்டாமல் புல்லுக்கு இடலாம்.

பருவமழையை ஒட்டி முயல்மசாலைப் புல்லிடையே விதைத்தல் நலம். விதைத்தோல் கடினமாதலின், 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிஷம் அமிழ்த்தி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். கொதிக்கும் நீர் விதையைக் கெடுக்கும்.

பொட்டாஷ் வாங்கியே தீரவேண்டுமெனில், மண் பரிசோதனை செய்து, குறைவு கண்ட துண்டுக்கு மட்டும் இடுக. சங்கத்துப் புல்லை ஏலத்தில் விடும்பொழுது விலையை மட்டும் நோக்காமல், வண்டிக்கு இவ்வளவு தொழுவுரம் திருப்பித் தரும் அங்கத்தினருக்கு முதல் உரிமை அளிக்கலாம். வெளியூரார்க்கு விற்பதாயின், வயலை விட்டுப் போகும் சத்தின் விலையும் அதில் சேரவேண்டும். கடைசி அறுப்புக்குப்பின் ஆட்டுக்கிடை கட்ட விரும்பும் சங்கம் மந்தைக்காரரிடம் முன்னதாகவே பேசி வைத்தல் வேண்டும். பிந்தினால் மந்தை வேறூர் போய்விடும்.