வீட்டிலேயே இருக்கு இங்கிலீஷ் புத்தகம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓர் ஆசிரியை ஆற்றிய உரை)



"டீச்சர், இங்கிலீஷ் கத்துக்கணும்னா என்ன புத்தகம் வாங்கணும்? முப்பது நாளில் பேசலாம்னு விக்கிறாங்களே, அதை வாங்கலாமா?" என்று உங்களில் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். நமக்கு முதலில் வேண்டிய இங்கிலீஷ் பாடம் அங்கேயே இருக்கிறது.

"எனக்கு இங்கிலீஷே தெரியாது" என்று சொல்லும் அக்காவை ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். லோன், டியூ, மீட்டிங், பாஸ்புக், பேலன்ஸ், ஏடிஎம், கேஸ், டிக்கெட், டானிக் என்று காலையிலிருந்து ராத்திரி வரை எத்தனை வார்த்தை! காதுக்கும் வாய்க்கும் பழகிய வார்த்தைகள்தான். அச்சில் பார்த்தால் மட்டும் அடையாளம் தெரியவில்லை. அதனால் நாம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை. தெரிந்த சத்தத்தை எழுத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் முதல் பாடம்.

முதல் புத்தகம் உங்கள் பாஸ்புக். அதில் 'டெபிட்' அல்லது 'வித்ட்ராயல்' என்று போட்ட கட்டத்தில் இருப்பது நம் கணக்கிலிருந்து போன பணம். 'கிரெடிட்' அல்லது 'டெபாசிட்' என்றால் நம் கணக்குக்கு வந்த பணம். 'பேலன்ஸ்' மீதி. 'இன்ட்ரஸ்ட்' வட்டி. 'பிரின்சிபல்' என்றால் பள்ளிக்கூடத்து முதல்வர் என்று நமக்குத் தெரியும். கடன் தாளில் அதே மாதிரி கேட்கும் வார்த்தைக்கு அசல் என்று பொருள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் மே மாசக் கடைசியில், சிலருடைய பாஸ்புக்கில் 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருப்பார்கள். பக்கத்தில் 'பி.எம்.எஸ்.பி.ஒய்.' என்றோ 'பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்.' என்றோ சுருக்கமாக இருக்கும். "பேங்க்ல சும்மா சும்மா பணம் பிடிக்கிறான்" என்று திட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். அது காப்பீடு, அம்மா! 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு. 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கு. 436 ரூபாய் கட்டியவர் காப்பீட்டுக் காலத்தில் இறந்துபோனால், விதிகளுக்கு உட்பட்டு, அவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். விபத்தில் இறந்தால் 20 ரூபாய்த் திட்டத்திலும் 2 லட்சம். அந்த ஒரு வரியை வாசிக்கத் தெரியாவிட்டால், இப்படி ஒரு பணம் உண்டு என்றே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் போய்விடும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பாஸ்புக்கையும் வீட்டுக்காரர் பாஸ்புக்கையும் எடுத்து அந்த வரியைத் தேடுங்கள். 'நாமினி' என்ற வார்த்தையையும் கற்றுக்கொள்ளுங்கள். நமக்குப் பிறகு பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கும் பெயர் அது. அந்த இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, கடன் தாள். இங்கே நான் இங்கிலீஷ் சொல்லித் தரப் போவதில்லை. உங்கள் உரிமையைச் சொல்கிறேன். வீடு தேடி வந்து சின்னக் கடன் கொடுக்கிறார்களே, அந்த நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. ஒப்பந்தமும் கடன் அட்டையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வட்டி எவ்வளவு, மற்ற கட்டணம் எவ்வளவு என்று தனித்தாளில் காட்ட வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதம் போடக் கூடாது. ஆகவே யாராவது இங்கிலீஷ் தாளை நீட்டி, "இங்க ஒரு சைன், அங்க ஒரு சைன் போடுங்கக்கா" என்றால், "தமிழ்ல குடுங்க தம்பி, படிச்சிட்டுப் போடறேன்" என்று சொல்லுங்கள். இங்கிலீஷ் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டிய இடம் இது இல்லை.

மூன்றாவது, நாம் விற்கும் பொருள். ஊறுகாய், மசாலாப் பொடி, சத்துமாவு செய்யும் குழுக்கள் இங்கே இருக்கிறீர்கள். பாக்கெட் போட்டு விற்கும் உணவுப் பொருளுக்கு லேபிளில் உள்ள விவரங்கள் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தமிழையும் கூடச் சேர்த்துப் போடலாம். என்னென்ன பொருள் சேர்த்திருக்கிறோம் என்பதை அதிக எடையில் தொடங்கிக் குறைந்த எடை வரை வரிசையாக எழுத வேண்டும். நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்பது, 14 இலக்க உரிம எண், இவையெல்லாம் வேண்டும். இதற்குப் பாடப் புத்தகம் கடையில் விற்கும் மசாலா பாக்கெட்தான். காலி பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, நம் லேபிளைப் பக்கத்தில் வைத்து, வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் பாருங்கள். அச்சடிக்கக் கொடுத்த கடைக்காரர் எழுத்தைப் பிழையாகப் போட்டாலும் நம் கண்ணில் படும்.

இப்போது பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். ஜூன் மாசம் வந்தால் குழுவில் கடன் கேட்கும்போது என்ன காரணம் எழுதுகிறோம்? ஸ்கூல் ஃபீஸ். பிள்ளைக்கு இங்கிலீஷ் வரணும் என்ற ஆசைதான். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் ஃபீஸ் கட்டிவிட்டால் மொழி தானாக வந்துவிடாது. நம் வீட்டில், தெருவில் யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை. பிள்ளை அதைக் கேட்பது வகுப்பில் மட்டும்தான். அதனால் வீட்டில் தினமும் கொஞ்சம் கேட்கவும் வாய்விட்டு வாசிக்கவும் வழி செய்ய வேண்டும்.

அதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. அரசுப் பாடநூலில் சின்னச் சின்னக் கட்டமாக க்யூஆர் கோடு இருக்கும். திக்ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவரில் குழந்தைக் கதைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் இலவசம். ஒரே கதையை முதலில் தமிழில் வாசித்துவிட்டு அப்புறம் இங்கிலீஷில் வாசித்தால் பிள்ளைக்கு அர்த்தம் தடுமாறாது. காலேஜ் போகும் பெண்களுக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்று ஆறு நிமிட ஒலிப் பாடம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதே கேட்கலாம்.

"எனக்கே தெரியாது, நான் எப்படி டீச்சர் சொல்லிக்கொடுப்பேன்?" என்பீர்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே, "சத்தமா வாசி கண்ணு" என்று சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், "என்ன கதை அது? அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். புரிந்து வாசித்த பிள்ளை சொல்லிவிடும். மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளை முழிக்கும். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போன் கேமராவைக் காட்டினால் இங்கிலீஷைத் தமிழாக்கித் தரும் வசதியும் வந்துவிட்டது. மருந்துக் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் உதவும். ஆனால் அது சில நேரம் தப்பாகவும் சொல்லும். கையெழுத்துப் போடும் தாளுக்கும் மருந்து அளவுக்கும் போனை மட்டும் நம்பாதீர்கள். தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு, கடன் வரவு எழுதி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். யாராவது ஒருவர் வீட்டிலிருந்து ஒரு தாள் கொண்டு வரட்டும். கரண்ட் பில், மருந்து அட்டை, கேஸ் ரசீது, எதுவானாலும் சரி. அதிலிருந்து ஐந்து வார்த்தை. ஊக்குநரோ, படித்த மருமகளோ, பத்தாவது படிக்கும் பெண்ணோ பெரிய எழுத்தில் எழுதிக் காட்டட்டும். எல்லோரும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுங்கள். மாசத்துக்கு இரண்டு கூட்டம் என்றால் பத்து வார்த்தை. வருஷத்துக்கு 120 வார்த்தை. நமக்குத் தேவைப்படும் தாள்களில் திரும்பத் திரும்ப வருவதும் ஏறக்குறைய இவைதான்.

பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்துத்தான் இந்தக் கூட்டமைப்பை நிறுத்தியிருக்கிறீர்கள். கைநாட்டாக இருந்தவர்கள் கையெழுத்துப் போடப் பழகியதும் இதே குழுக் கூட்டங்களில்தான். வார்த்தையையும் அப்படியே சேர்ப்போம். அடுத்த கூட்டத்துக்குப் பாஸ்புக்கோடு வாருங்கள்.