படைவீரர் இம்மானுவேல் சேகரனார்: வாழ்வும் காலமும்



எப்போதும்வென்றான் என்னும் பெயர் தாங்கிய ஊரிலே நின்று பேசுகிறேன். இக்கரிசல் மண்ணுக்குப் போர்க்களம் புதிதன்று. 1799இல் வெள்ளையரை எதிர்த்து உயிர் கொடுத்த வீரன் சுந்தரலிங்கம், அருகிலுள்ள கவர்னகிரியின் மைந்தரே. ஆயினும் இன்று நான் நினைவுகூர்வது, படையிலிருந்து மீண்டு ஊருக்குள்ளே போராட நேர்ந்த ஒருவரை.

முதுகுளத்தூர் வட்டம் செல்லூரில் 1924 அக்டோபர் 9ஆம் நாள் பிறந்தார் இம்மானுவேல் சேகரனார். தந்தை வேதநாயகம் ஓர் ஆசிரியர். 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியில் மகனார் சிறை புகுந்தார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து அவில்தார் நிலைக்கு உயர்ந்தார்.

அன்பர்களே! அணிவகுப்பிலே அவர் ஆணையிட்டால் வீரர்கள் அடிபணிந்தனர். அந்த வீரர் ஊர் திரும்பியபோது என்ன கண்டார்? தேநீர்க் கடையில் தம் மக்களுக்குத் தனிக்குவளை! 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955இல் அதற்கெனத் தனிச் சட்டமும் பிறந்தது. குவளையோ மாறவில்லை.

அதனை மாற்ற அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார், சங்கம் கண்டார், இரட்டைக் குவளை முறையைக் கண்டித்தார். படை கற்பித்த ஒழுங்கைத் தொண்டுக்கு உரியதாக்கினார்.

1957ஆம் ஆண்டு இடைத்தேர்தலையொட்டி முதுகுளத்தூர் வட்டாரம் கலவரத்தில் கொந்தளித்தது. செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சித் தலைவர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில், தம் மக்களின் பிரதிநிதியாக மற்றவர்க்குச் சமமாய் அமர்ந்தார் சேகரனார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். நாட்டுக்காகச் சீருடை அணிந்தவர், சமாதானம் பேசிய மறுநாளே, 33 வயது நிறையுமுன் சொந்த மண்ணில் சாய்ந்தார். 2010இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் மக்கள் திரண்டு அஞ்சலி செலுத்துகின்றனர்.

மாணவச் செல்வங்களே! அவர் எவ்வாறு இறந்தார் என்பதை ஊரறியும். எவ்வாறு வாழ்ந்தார் என்பதையும் நீங்கள் அறிதல் வேண்டும். அண்ணல் அம்பேத்கரின் தந்தையாரும் படையில் சுபேதாராக இருந்தவரே. படைவீட்டில் கிடைத்த கல்வியை மகனுக்கு ஊட்டினார்; அந்த மகன் அரசியல் சட்டத்தையே வகுத்தார். சீருடை தரும் மதிப்பு ஓய்வு பெறும் நாளோடு குறைந்துவிடலாம். கல்வி தரும் மதிப்பை எவரும் கழற்றிக்கொள்ள இயலாது.

இதனை உணர்ந்தே நம் கழகம் 25 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதிய படைவீரர் எவரேனும் இருப்பின், இன்று மாலையே அவரருகில் அமருங்கள். அவர் கண்ட நாடுகளையும், திரும்பி வந்து கண்ட ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். நாம் எழுதாவிடில் நம் வரலாற்றைப் பிறர் எழுதுவர். அன்றேல் எவரும் எழுதார்.

எப்போதும் வெல்ல வேண்டுமாயின், எப்போதும் கற்போம்.